ஆசிரியைகளுக்குப் பாடம் சொன்னவர்



ஜூன் நெருங்கினாலே நம் இதழுக்கு வரும் கடிதங்களின் முகம் மாறிவிடும். கதைகளுக்கு வரும் பாராட்டும் வசவும் குறைந்து, ‘பிள்ளையை எங்கே சேர்ப்பது?’ என்ற கேள்வி கட்டுக்கட்டாக வரத் தொடங்கும். இந்த ஆண்டு அதில் ஒரு பெயர் அதிகமாக அடிபடுகிறது. “எங்கள் தெருவில் இரண்டு மாண்டிசோரி இருக்கிறது. ஒன்றில் கேட்கும் பணத்தைப் போல மூன்று மடங்கு இன்னொன்றில் கேட்கிறார்கள். எது அசல்?” என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகி. சிரிப்பு வந்தாலும் கேள்வி நியாயமானதுதான். அந்தப் பெயருக்குத் தனி உரிமை கொண்டாட யாருமில்லை. ஒரு வீட்டின் முன்னறையில் நாலு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, பலகையில் ‘மாண்டிசோரி’ என்று எழுதி மாட்டினால் யாரும் வந்து கேட்கப்போவதில்லை.

எது அசல் என்று நான் தீர்ப்புச் சொல்வதைவிட, பலகையில் பெயராக இருக்கும் அந்தப் பெண்மணியைப் பற்றிப் பேசலாம் என்று தோன்றியது. அவர் நம்மூரில் வாழ்ந்தவர். அடையாறிலும் கொடைக்கானலிலுமாக ஆண்டுக்கணக்கில் இருந்தார். இங்கே இருந்தபோது அவர் செய்த முக்கியமான வேலை, குழந்தைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தது அல்ல. சொல்லிக்கொடுக்கப் போகிறவர்களைத் தயார்செய்தார். வாழ்நாளின் பின்பாதி முழுக்க, நாடு நாடாகப் போய், அதையேதான் செய்தார்.

மரியா மாண்டிசோரி 1870 ஆகஸ்ட் 31 அன்று இத்தாலியில் கியாரவல்லே என்ற சிற்றூரில் பிறந்தார். ரோமில் மருத்துவம் படித்து 1896-ல் பட்டம் வாங்கினார். பெண்கள் மருத்துவம் படிப்பதை அப்பா முதற்கொண்டு பலர் விரும்பாத காலம் அது. பிறகு ஆசிரியப் பயிற்சி பெறும் பெண்களுக்கான கல்லூரியில் பாடம் எடுத்தார். ரோம் பல்கலைக்கழகத்தில் மானுடவியல் கற்பித்தார். ஊரில் நல்ல பேர், கையில் டாக்டர் தொழில், பல்கலைக்கழக வேலை. எல்லாம் அமைந்த பிறகுதான் சான் லோரென்சோ வந்தது.

சான் லோரென்சோ ரோமில் கூலிக்காரர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. அங்கே ஒரு கட்டட நிறுவனம் பழைய குடியிருப்புகளைச் செப்பனிட்டுக் கொடுத்தது. அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போய்விட, பள்ளி வயது வராத பிள்ளைகள் மாடிப்படியில் ஓடி, புதிதாக வெள்ளையடித்த சுவரில் கிறுக்கிக்கொண்டிருந்தார்கள். சுவரைக் காப்பாற்றவேண்டும் என்பதுதான் நிறுவனத்தின் கவலை. பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்து, மாண்டிசோரியை அழைத்தார்கள். 1907 ஜனவரி 6 அன்று ‘குழந்தைகள் இல்லம்’ திறந்தது. இதில் நான் மிகவும் ரசிக்கும் செய்தி ஒன்று உண்டு. அந்த அறைக்கு அவர் முதலில் ஆசிரியையாக வைத்தது, கட்டடக் காவலாளியின் மகளை. பயிற்சி எதுவும் பெறாத பெண். பயிற்சி பெற்ற ஆசிரியை வந்தால், பழைய பள்ளிக்கூடத்துப் பழக்கங்களை முதலில் மறக்கடிக்கவேண்டியிருக்கும் என்று மாண்டிசோரி நினைத்தார்.

பயிற்சியில்லாதவர் வேண்டும் என்று தொடங்கியவர், ஏன் பயிற்சி கொடுப்பதையே தொழிலாக்கிக்கொண்டார்? செய்தி பரவியது, அதுதான் காரணம். நாலு வயதுப் பிள்ளை தானாக எழுதுகிறது, அறையில் அமைதி இருக்கிறது என்று கேள்விப்பட்டு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து பார்த்தார்கள்; பார்த்துவிட்டு ஊருக்குப் போய், அந்தப் பிள்ளைகள் கையாண்ட மரக்கட்டைகளை மட்டும் செய்து வைத்துக்கொண்டார்கள். கட்டைகள் போய்ச் சேர்ந்தன. அவற்றை எப்படிக் கொடுப்பது, எப்போது கொடுக்காமல் இருப்பது என்பது போய்ச் சேரவில்லை. 1909-ல் சிட்டா டி காஸ்டெல்லோ என்ற ஊரில், ஃபிராங்கெட்டி தம்பதியின் ஆதரவில் முதல் பயிற்சி வகுப்பை நடத்தினார். அதன் பின் பல்கலைக்கழக வேலையையும் மருத்துவத்தையும் விட்டுவிட்டார். 1913-ல் ரோமில் முதல் சர்வதேசப் பயிற்சி. வந்தவர்களில் அமெரிக்கர்கள் அதிகம். 1915-ல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் கண்ணாடிச் சுவர் வைத்த வகுப்பறை; வெளியே நின்று கூட்டம் வேடிக்கை பார்க்க, உள்ளே பிள்ளைகள் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தார்கள். 1919-ல் லண்டனில் 250 இடங்களுக்கு ஏறக்குறைய 2,000 விண்ணப்பங்கள் வந்தன. 1929-ல் அகில உலக மாண்டிசோரிச் சங்கம் உருவானது.

இடையில் ஒன்றைச் சொல்லாமல் தாண்டிப்போவது சரியாக இருக்காது. 1920-களில் முசோலினியின் அரசு அவருக்குக் கைகொடுத்தது, அவரும் பற்றிக்கொண்டார். பள்ளிகள் பெருகின. பிள்ளைகளைச் சீருடை போட்ட சின்னச் சிப்பாய்களாக்க அந்த அரசு விரும்பியபோதுதான் முட்டிக்கொண்டது. 1934-ல் இத்தாலியை விட்டு வெளியேறினார். பார்சிலோனாவுக்குப் போனார், 1936-ல் அங்கே உள்நாட்டுப் போர். பிரிட்டிஷ் கப்பலில் தப்பி, கடைசியில் நெதர்லாந்தில் ஒதுங்கினார். அறுபத்தாறு வயதில், பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து.

சென்னை அழைப்பு வந்தது அதற்குப் பிறகு. பிரம்மஞான சபையின் தலைவராக இருந்த ஜார்ஜ் அருண்டேலும் அவர் மனைவி ருக்மிணி தேவியும் அழைத்தார்கள். 1939 நவம்பரில் மாண்டிசோரி அடையாறு வந்து சேர்ந்தார். கூடவே மகன் மரியோ. ஐரோப்பாவில் போர் தொடங்கிவிட்ட நேரம். சில மாதம் பாடம் நடத்திவிட்டுத் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் ஏறக்குறைய 300 பேர் அந்த வகுப்புக்கு வந்தார்கள். தங்கவும் படிக்கவும் ஓலைக் கொட்டகைகள் போட்டார்கள். மாண்டிசோரி இத்தாலிய மொழியில் பேசுவார். மரியோ பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் சொல்வார். குஜராத்தியும் மராத்தியும் தமிழும் பேசுகிறவர்கள் அதைத் தத்தம் மொழியில் மனத்துக்குள் போட்டுக்கொண்டு, இரவு உட்கார்ந்து குறிப்பெழுதவேண்டும். அந்தக் குறிப்பேடுகள்தான் அவர்களுக்குப் பாடப்புத்தகம். இன்றைக்கும் முறையான மாண்டிசோரிப் பயிற்சியில் ஒவ்வொரு சாதனத்துக்கும் படமும் விளக்கமுமாகப் பயிற்சியாளர் தாமே ஏடு எழுதித் தைத்துக்கொள்ள வேண்டும்.

பயிற்சி என்றால் என்னதான் நடக்கும் என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள். ஒன்றைச் சொல்கிறேன். ‘பிங்க் டவர்’ என்பார்கள். பத்து மரக் கட்டைகள். எல்லாம் ஒரே நிறம், ஒரே வடிவம். மிகச் சிறியது ஒரு சென்டிமீட்டர் கனசதுரம், மிகப் பெரியது பத்து சென்டிமீட்டர். அளவு மட்டும்தான் மாறும். சின்னப் பாயை விரிக்கவேண்டும். கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துவரவேண்டும், அள்ளிக்கொண்டு வரக்கூடாது. பாயில் கலைத்துப் போட்டு, பெரியதைக் கண்ணால் தேடி எடுத்து வைத்து, அதன்மேல் அடுத்தது. ஆசிரியை பேசக்கூடாது. பேசினால் குழந்தை வாயைப் பார்க்கும், கையைப் பார்க்காது. கோபுரம் கட்டி முடித்து, கலைத்துவிட்டு, குழந்தையிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துகொள்ளவேண்டும். குழந்தை ஏழாவது கட்டையைத் தவறவிட்டு எட்டாவதை வைக்கிறது. இங்கேதான் பயிற்சியின் மொத்தக் கஷ்டமும். “இல்லடா கண்ணா, அது இல்ல” என்று வாய்வரை வரும். கை தானாக நீளும். அதை அடக்கிக்கொண்டு உட்காரவேண்டும். மிச்சமாகும் ஒரு கட்டை குழந்தைக்குத் தப்பைக் காட்டிக்கொடுத்துவிடும். இன்றில்லாவிட்டால் நாளை.

கட்டையைப் பற்றிய பாடம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். சும்மா இருக்கப் பழகத்தான் மாதக்கணக்கில் பிடிக்கும். பயிற்சிக்கு வருகிறவர்களை வகுப்பின் ஓரத்தில் உட்காரவைத்து, மணிக்கணக்கில் பார்க்க மட்டும் விடுவார்கள். எந்தக் குழந்தை எதை எடுத்தது, எத்தனை முறை திரும்பச் செய்தது, எப்போது சலித்தது, எல்லாவற்றையும் எழுதவேண்டும். ‘சமர்த்து’, ‘முரடு’ என்றெல்லாம் எழுதக்கூடாது, நடந்ததை மட்டும். மருத்துவமனையில் நோயாளியைப் பார்த்துக் குறிப்பெழுதிய பழக்கத்தைத்தான் டாக்டரம்மா வகுப்பறைக்குக் கொண்டுவந்தார் என்று எனக்குத் தோன்றும்.

1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்தது. ஒரே இரவில் மாண்டிசோரியும் மரியோவும் எதிரி நாட்டுப் பிரஜைகள். மரியோவைப் பிரிட்டிஷ் அரசு அகமத்நகர் முகாமில் அடைத்தது. மாண்டிசோரியை அடையாறு வளாகத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்றது. இந்த இடத்தில் மரியோவைப் பற்றிச் சொல்லவேண்டும். 1898-ல் பிறந்தவர், தந்தை மாண்டிசோரியோடு வேலை செய்த மருத்துவர். திருமணம் நடக்கவில்லை. கைக்குழந்தையைக் கிராமத்தில் வேறொரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்துவிட்டார்கள். பதினைந்து வயது வாக்கில்தான் மரியோ தாயோடு வந்து சேர்ந்தார். அதன் பிறகும் வெளியுலகுக்கு அவர் ‘உறவுக்காரப் பையன்’தான். உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் வழி சொன்னவர் பெற்ற பிள்ளையை வளர்க்கவில்லையே என்று இதை வைத்துக் குத்திக்காட்டுகிறவர்கள் உண்டு. கல்யாணமாகாமல் பிள்ளை பெற்ற பெண்ணை அன்றைய ரோம் எந்த வேலையில் விட்டுவைத்திருக்கும் என்பதையும் அவர்கள் யோசிக்கலாம். 1940 ஆகஸ்ட் 31, மாண்டிசோரிக்கு எழுபதாவது பிறந்தநாள். வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது: பிறந்தநாள் பரிசாக உங்கள் மகனைத் திருப்பி அனுப்புகிறோம் என்பது அதன் சாரம். ஒரு தாய் நாற்பது ஆண்டுக்குமேல் வாய்திறந்து சொல்ல முடியாததை, அவரைக் காவலில் வைத்த அரசாங்கம் எழுத்தில் போட்டுக் கொடுத்தது.

சென்னை வெயில் தாங்காமல் 1942-ல் கொடைக்கானல் போனார்கள். இரண்டு வருடம் அங்கேயே. போரில் மாட்டிக்கொண்ட வெளிநாட்டுக் குடும்பங்களின் பிள்ளைகளும் உள்ளூர்ப் பிள்ளைகளுமாக, வெவ்வேறு வயதில் ஒரு சிறு கூட்டம் சேர்ந்தது. அதுவரை மூன்று முதல் ஆறு வயதுவரை உள்ளவர்களிடமே அதிகம் உழைத்தவர், இங்கே பெரிய பிள்ளைகளுக்கான திட்டத்தை வளர்த்தெடுத்தார். பிரபஞ்சம் தோன்றிய கதையில் தொடங்கி, செடி, விலங்கு, மனிதன் என்று எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கோத்துச் சொல்லும் முறை அது. இன்று உலகமெங்கும் மாண்டிசோரித் தொடக்கப் பள்ளிகளில் நடப்பது, கொடைக்கானல் மலைப்பாதையில் இலையும் கல்லும் பொறுக்கியபடி உருவான பாடம். அந்த ஊருக்குச் சுற்றுலா போகும் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஏரியில் படகு விட்டுவிட்டு, சாக்லேட் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறோம்.

1944-ல் இலங்கையில் பயிற்சி நடத்தினார். இலங்கைத் தமிழ் வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அங்கே பேச்சு வழக்கில் முன்பள்ளி என்றாலே ‘மொண்டிசோரி’தான். அகமதாபாத்தில் நடத்திய பாடங்கள் ‘உட்கவரும் மனம்’ என்று பொருள்படும் புகழ்பெற்ற நூலாகி, 1949-ல் சென்னையில்தான் அச்சேறின. 1946-ல் ஐரோப்பா போய், 1947-ல் மறுபடி வந்து, 1949-ல் கராச்சியில் ஒரு பயிற்சியை முடித்துக்கொண்டு கடைசியாகக் கிளம்பினார். அதற்குள் இந்தத் துணைக்கண்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் நேரடியாகப் படித்திருந்தார்கள். 1952 மே 6 அன்று நெதர்லாந்தில் காலமானார்.

அவர் செய்தது எல்லாம் சரி என்று எழுதினால் இந்தப் பக்கம் விளம்பரமாகிவிடும். பயிற்சியைக் கடைசிவரை தன் கைக்குள்ளேயே வைத்திருந்தார். அவரிடம் சான்றிதழ் வாங்கியவர் பள்ளி நடத்தலாம். இன்னொருவருக்குப் பயிற்சி கொடுக்க முடியாது. தரம் கெட்டுவிடும் என்ற பயம் ஒரு பக்கம். பயிற்சிக் கட்டணம்தான் அவருக்குச் சோறு போட்டது என்பது இன்னொரு பக்கம். பல்கலைக்கழகச் சம்பளத்தை விட்டவருக்கு வேறு வழியில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூலிக்காரர் பிள்ளைகளுக்காக ஆரம்பித்த ஒன்று, காசுள்ள வீட்டுப் பிள்ளைகளின் சொத்தாக மாறியதில் இந்தக் கட்டுப்பாட்டுக்குப் பங்கு இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இந்த இடத்தில்தான் தாராபாய் மோடக் எனக்கு முக்கியமாகப் படுகிறார். மாண்டிசோரி இந்தியா வருவதற்கு முன்பே, குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா மாண்டிசோரி புத்தகங்களைப் படித்துப் பிள்ளைகளுக்கான பாலமந்திர் தொடங்கியிருந்தார். அங்கே அவரோடு சேர்ந்தவர் தாராபாய். விலை உயர்ந்த இத்தாலியச் சாதனங்களை அப்படியே இறக்காமல், நம்மூர்ப் பொருளை வைத்தார்கள். பாட்டும் கதையும் கலந்தார்கள். பிறகு தாராபாய் மகாராஷ்டிரத்தின் போர்டியிலும் கோஸ்பாடிலும் பழங்குடிப் பிள்ளைகளிடம் போனார். பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. பள்ளியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டு முற்றத்துக்கே போய்விட்டார். கூழாங்கல்லும் கிளிஞ்சலும் இலையும்தான் சாதனம். நம் ஊரில் இன்று அங்கன்வாடி என்று எல்லோரும் சொல்கிறோமே, அந்த முற்றத்து வகுப்புகளுக்கு வைத்த பெயர் அது. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது நாடு முழுவதும் போனது. தமிழ்நாட்டில் மட்டும் இன்று 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள்.

வந்த கடிதங்களில் ஒன்று அப்படி ஒரு மையத்திலிருந்து. சேர்க்கை பற்றிய கடிதம் அல்ல. “காலையில் வந்ததும் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைப்பேன். எடை பார்க்கணும், கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுக்கணும், செல்போனில் விவரம் ஏற்றணும். பாட்டும் கதையும் சொல்ல ஆசைதான். நேரம் எங்கே இருக்கு ஐயா?” என்று எழுதியிருக்கிறார் அந்தப் பணியாளர். சான் லோரென்சோவின் காவலாளி மகள் ஞாபகத்துக்கு வந்தாள். அவளுக்கு எடை பார்க்கும் வேலை இல்லை. பக்கத்தில் மாண்டிசோரி இருந்தார். இந்த அம்மாவுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

2019 ஜனவரியில் நம் மாநிலத்தில், அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கின. மாண்டிசோரி முறை என்றுதான் அறிவித்தார்கள். உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்களை அங்கே அனுப்பினார்கள். அவர்களில் பலர் இதைப் பதவி இறக்கமாக நினைத்தார்கள், நீதிமன்றம்வரை போனார்கள். நான் அவர்களைக் குறைசொல்லமாட்டேன். சின்ன வகுப்பு என்றால் சின்ன ஆசிரியர், சின்னச் சம்பளம் என்று நாம்தானே பழக்கி வைத்திருக்கிறோம்? கல்லூரிப் பேராசிரியர் என்றால் எழுந்து நிற்கிறோம். மூன்று வயதுப் பிள்ளையைக் கையாளுகிறவரை ‘ஆயா’ என்கிறோம். பல்கலைக்கழக வேலையை உதறிவிட்டு மூன்று வயதுப் பிள்ளைகளின் ஆசிரியைகளிடம் வந்த ஒருவரின் பெயரைத்தான் பலகையில் போட்டுக்கொள்கிறோம்.

ஆகவே, எது அசல் என்று கேட்ட வாசகிக்கும், கேட்க நினைத்த மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சேர்க்கைக்குப் போகும்போது கட்டணத்தையும் குளிர்சாதனத்தையும் வேன் வசதியையும் கேட்பதற்கு முன்னால், வகுப்பெடுக்கப்போகும் ஆசிரியையைப் பார்க்கவேண்டும் என்று கேளுங்கள். எங்கே பயிற்சி பெற்றார், எவ்வளவு காலம், இந்தப் பள்ளியில் எத்தனை வருடமாக இருக்கிறார் என்று விசாரியுங்கள். வருடத்துக்கு ஒரு ஆசிரியை மாறுகிறார் என்றால், அலமாரியில் எத்தனை பிங்க் டவர் இருந்தாலும் யோசியுங்கள். முடிந்தால் அரைமணி நேரம் வகுப்பின் ஓரத்தில் உட்கார அனுமதி கேளுங்கள். மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான். உங்கள் தெரு அங்கன்வாடியையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். அங்கேயும் இதே கேள்விகளைக் கேளுங்கள். பதிலில் குறை இருந்தால் அந்தப் பணியாளரிடம் சண்டைக்குப் போகாமல் கிராமசபையிலோ வார்டு கவுன்சிலரிடமோ எழுப்புங்கள்.

அங்கன்வாடிப் பணியாளர்கள், உதவியாளர்கள், மழலையர் பள்ளி ஆசிரியைகள் எங்களுக்கு எழுதவேண்டும். உங்களுக்கு என்ன பயிற்சி கிடைத்தது, எது கிடைக்கவில்லை, ஒரு நாள் எப்படிப் போகிறது என்று உங்கள் பேச்சிலேயே எழுதுங்கள். பிழை இருந்தால் நாங்கள் திருத்திக்கொள்கிறோம். பெயர் போடவேண்டாம் என்றால் போடமாட்டோம். அடுத்த இதழில் இந்தப் பக்கம் உங்களுக்கு.

அன்புடன்,
ஆசிரியர்